முப்பத்தேழாம் நம்பர் சைட்

ஜனவரி 9

ஆஸ்டின் டவுன் பள்ளியில் நான் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பெற்றோர் கூட்டத்துக்கு ஆட்டோ ஓட்டுநர் ஆதிகேசவன் கையில் மாவுக்கட்டோடு வந்தார். மகளின் மார்க்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மிஸ், சிக்னல் இல்லாத நாலு ரோட்ல யாரு முதல்ல போகணும்?" என்றார். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்று நான் விதியைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அது எனக்குத் தெரியும் மிஸ். வந்து இடிச்சவனுக்குத் தெரியலியே!"

மகளின் மார்க்கைக் காட்டி அவரை அனுப்பிவிட்டேன். இன்று அந்தக் கேள்வி திரும்ப வந்தது. எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டு வசதிச் சங்கம் எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி வாங்கிய நிலத்துக்கு லேஅவுட் வரைபடம் வந்திருக்கிறது. எண்பத்து நாலு மனை; இங்கே சைட் என்பார்கள். வரைந்த பெண் தீபிகா. நாற்சந்தியே இல்லை, எல்லாம் முச்சந்தி. ஒவ்வொரு தெருவும் இன்னொரு தெருவில் போய் முட்டி நிற்கிறது. ஏன் என்று கேட்டேன். "வேகம் தானா குறையும் மேடம், போர்டு வைக்க வேண்டாம்" என்றாள்.

ஜனவரி 12

செயலாளர் சேஷகிரி போன் செய்தார். உறுப்பினர்கள் கொதிக்கிறார்களாம். தெரு முட்டுகிற இடமெல்லாம் ஒரு வீடு வருமே, அது தெருக்குத்து இல்லையா? வரைபடத்தில் அப்படி ஐந்து சைட். எல்லாத் தெருவையும் நேராக நீட்டிவிட்டால் குத்தும் இல்லை, குறையும் இல்லை என்கிறார். நீட்டினால் ஐந்தும் நாற்சந்தி ஆகிவிடும். அதை யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 13

மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு நாற்சந்தி வரைந்தேன். நாலு பக்கமிருந்தும் நேரே போகும் வண்டி, இடம் திரும்பும் வண்டி, வலம் திரும்பும் வண்டி, எல்லாவற்றுக்கும் கோடு போட்டேன். ஒரு வண்டியின் பாதை இன்னொன்றைக் குறுக்கே வெட்டும் இடத்தில் எல்லாம் ஓர் உளுத்தம்பருப்பு வைத்தேன். பதினாறு பருப்பு. பக்கத்தில் முச்சந்தி வரைந்தேன். மூன்றே மூன்று.

மறுபடியும் எண்ணினேன். மூன்றுதான்.

என் கணவர் சந்தானம் மேலே வந்து பார்த்தார். நாற்பது வருஷம் சர்வே இலாகாவில் நிலம் அளந்தவர். கணக்குச் சரி என்றார். பிறகு, "ஆனா நமக்கு அந்த அஞ்சுல ஒண்ணு விழப்படாது, கோமளா" என்று இறங்கிப் போனார்.

ஜனவரி 19

சங்கக் கூட்டம். வரைபடத்தை மேசையில் விரித்துப் பருப்பை வைத்துக் காட்டினேன். கொஞ்சம் பேர் எட்டிப் பார்த்தார்கள். சேஷகிரி, "மேடம், அதை எடுத்து வெச்சுக்கோங்க, சாயங்காலம் வடைக்கு ஆகும்" என்றார். சிரிப்பு. பின் வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற ஹிந்தி ஆசிரியை வீணா, "முச்சந்தின்னா அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடைப்பாங்க. தினம் யாரு பெருக்கறது?" என்றாள். அதற்கும் சிரிப்பு.

பிறகுதான் சேஷகிரி கேட்டார். "சொல்ப இருங்க எல்லாரும். டீச்சர் இவ்ளோ சொல்றாங்களே, அந்த அஞ்சுல ஒரு சைட்டை டீச்சர் எடுத்துப்பாங்களா?"

என்ன சொல்லியிருக்க வேண்டும்? எடுத்துக்கொள்கிறேன் என்றுதானே? "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். அதற்கு எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மாதம் முடிவதற்குள் வாக்கெடுப்பு. ஐந்து சைட்டுக்கும் வழி சொல்லாவிட்டால் தெருக்கள் நேராகிவிடும்.

ஜனவரி 20

கேட்டேன். முடியாது என்றார் சந்தானம். "அண்ணா ஆத்துல பட்டது போதும்."

அவருடைய அண்ணா கட்டிய வீடு தெருக்குத்து. குடிபோன ஆறாம் மாதம் போய்விட்டார். அந்தக் குடும்பத்தில் யாரும் அதற்குப் பிறகு இதைப் பற்றி விளையாட்டாகக்கூடப் பேசுவதில்லை. சாதம் பரிமாறினேன்.

ஜனவரி 21

எனக்கென்ன வந்தது? வாடகை வீட்டில் முப்பது வருஷம் இருந்தாயிற்று. எப்படியாவது ஒரு சைட் கிடைக்கத்தானே போகிறது? தெருவை நேராக்கக் கையைத் தூக்கிவிட்டு வந்துவிடலாமே — ஆனால் ஆதிகேசவனின் அந்த மாவுக்கட்டு கண்ணிலேயே நிற்கிறதே, என்ன செய்ய?

ஜனவரி 23

காலையில் எழுந்தால் கூடத்தில் வரைபடம் விரிந்து கிடக்கிறது, நாலு மூலையிலும் டம்ளர். சந்தானம் குப்புறக் குனிந்து பென்சிலால் ஏதோ குறிக்கிறார். காபியை நீட்டினேன், வாங்கவில்லை.

"பார்க்கைக் கொண்டுபோய் மெயின் ரோடு ஓரமா நீளமா வெச்சிருக்காளே, எதுக்கு?"

"சேஷகிரி சொன்னாராம். வெளியில போறவா பார்த்தா அழகா இருக்குமாம்."

"அப்போ இது போறவா வரவாளுக்குப் பார்க்கா? உள்ள இருக்கறவாளுக்கு இல்லையா?" என்றார். பார்க்கைத் தூக்கி நடுவில், இரண்டு தெருக்கள் முட்டும் இடத்தில் வைத்தார். பள்ளிக்கூடமோ கிளினிக்கோ வருவதற்காக விட்டிருந்த பொது இடத்தை இன்னும் இரண்டு தெருக்கள் முட்டும் இடத்தில் வைத்தார். மெயின் ரோடு ஓரம் காலியான இடத்தில் சைட்டுகளைப் போட்டார். "மரத்தைத் தெரு குத்தினா மரத்துக்கு ஒண்ணும் ஆகாது."

ஐந்து ஒன்றாகிவிட்டது.

"நமக்குத்தான் வேண்டாம்னேளே. எதுக்கு இத்தனை சிரமம்?"

நிமிர்ந்து பார்த்தார். "நமக்கு வேண்டாததை வேற யாரு தலையில கட்டறது?"

ஜனவரி 25

தீபிகா வந்து பார்த்தாள். அளவுகளைச் சரிபார்த்தாள். பார்க்கைச் சுற்றி நாலு பக்கமும் தெரு வருவதால் எல்லா வீட்டிலிருந்தும் ஐந்து நிமிடத்தில் நடந்து போய்விடலாம் என்றாள். "அங்கிள், இது எனக்குத் தோணியிருக்கணும்" என்றாள். அவருக்கு முகமெல்லாம் வெட்கம். மிச்சமிருக்கும் ஒன்றை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்கள். நகர்த்தினால் வேறோர் இடத்தில் நாற்சந்தி முளைக்கிறது. கடைசியில் விட்டுவிட்டார்கள். அதன் எண் முப்பத்தேழு.

ஜனவரி 30

வாக்கெடுப்பு. புது வரைபடம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. வீணாகூட, "பூசணிக்காயைப் பார்க்குலயே உடைச்சுக்கட்டும், எருவாகும்" என்றாள். ஆனால் முப்பத்தேழு யாருக்கு? குலுக்கலில் அது விழுந்தால் அழுவோம் என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். சேஷகிரி கைகூப்பினார். "யாராவது தாங்களா எடுத்துக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சுடும். இல்லேன்னா பழையபடி எல்லாத்தையும் நேராக்கணும்."

வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்து வந்திருந்தேன். கையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

"அது எங்களுக்கு" என்றார் சந்தானம்.

பஸ்ஸில் திரும்பினோம். மேம்பாலம் இறங்கியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்ணா தெருவால போகலை. தினம் ரெண்டு பாக்கெட் சிகரெட். எனக்கு அப்பவே தெரியும். மன்னி முன்னாடி அதைச் சொல்ல மனசு வரலை. பாவம், தெரு வாயில்லாதது. அது மேல போட்டுட்டோம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்சம் பொறுத்து, "இருந்தாலும் வாசல்ல ஒரு பிள்ளையார் வெச்சுடுவோம்" என்றார்.

"நாமளா? பெருமாள் ஆத்துல பிள்ளையாரா?"

"தும்பிக்கை ஆழ்வார்னு நினைச்சுண்டா போச்சு."

பிப்ரவரி 17

ஒப்புதலுக்கு அனுப்பியாகிவிட்டது. காத்திருக்க வேண்டும்.

ஜூலை 3

ஒப்புதல் வந்தது! மழையில் நனைந்துகொண்டே போய் முப்பத்தேழின் மூலையில் கல் நட்டோம். நூல் பிடித்தது அவர்தான். யாரையும் தொட விடவில்லை.

மறு ஆண்டு, மார்ச் 2

வீடு எழும்பி, காம்பவுண்டுச் சுவருக்கும் வெள்ளை அடித்தாகிவிட்டது. சுவரில் ஒரு சின்ன மாடம், அதில் தும்பிக்கை ஆழ்வார். எதிரே தெரு நேராக ஓடி வருகிறது. அதன் மறு கோடியில் பார்க்கின் வேப்பங்கன்றுகள் தெரிகின்றன. இன்னும் முழங்கால் உயரம்கூட இல்லை.

இன்று ஆதிகேசவன் ஆட்டோவில் போனோம். இப்போதும் அவர்தான் எங்களுக்கு ஆட்டோ. தலை நரைத்துவிட்டது, வேகம் குறையவில்லை. தெருக்கோடி வந்ததும் வண்டி தானாக நிதானித்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பினார்.

"ஏன் ஆதிகேசவன், இங்க சிக்னல் இல்லை, போர்டு இல்லை. எதுக்கு ஸ்லோ பண்ணினீங்க?"

"இன்னா மிஸ் கேக்கறீங்க? நேரா உங்க வீடு நிக்குதே! குறைக்காம சமையல்கட்டுக்கா போவேன்?"

சந்தானம் இரும ஆரம்பிக்கும் அளவுக்குச் சிரித்தார். அந்த நாலு ரோடு கேள்விக்குப் பதில் வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கேட்டவருக்கு, தான் கேட்டதே நினைவில்லை.

இந்த நோட்டு எப்போதாவது யார் கையிலாவது கிடைத்தால், அவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: நாளைக் காலை உங்கள் தெருமுனையில் பத்து நிமிடம் நின்று, யாரும் சொல்லாமல் எத்தனை வண்டிகள் வேகத்தைக் குறைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.