பிள்ளை வளர்ப்பதற்கு ஒரு லீவு

புதுவயல்
6 அக்டோபர் 2024

தம்பி பூமிநாதனுக்கு,

அண்ணன் சேவுகப்பெருமாள் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்கத் தேவையில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் போட்டோவில் பார்த்தாகிவிட்டது. மார்பில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு, கையில் பால்புட்டியோடு நிற்கிறாய். 'எட்டு மாதம் லீவு. செந்தாமரை வேலைக்குப் போகிறாள், பிள்ளைகளோடு நான்' என்று கீழே பெருமை வேறு. அன்றைக்கே குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து விலகிவிட்டேன். உன் நம்பரையும் பிளாக் செய்துவிட்டேன். அதனால்தான் காகிதம்.

நேற்று நம் அரிசி மில்லில் லோடு ஏற்றுகிற ஆட்கள் முன்னால் வைத்து சத்தியமூர்த்தி மச்சான் கேட்கிறார்: "என்ன மாப்ள, ஒங்க தம்பி சுவீடன்ல ஆயா வேலை பாக்குறாகளாம்ல?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்பா மூட்டை தூக்கி உன்னை இன்ஜினியர் ஆக்கியது பீத்துணி அலசவா?

குளிரில் குழந்தையை வாசலில் தள்ளுவண்டியோடு விட்டுத் தூங்க வைக்கிறீர்களாமே. எங்கள் மில் நாயைக்கூட மழைக்கு உள்ளே கூப்பிட்டுக்கொள்வோம்.

கைக்குழந்தை சௌபர்ணிகாவுக்குக் காது குத்த ஊருக்கு வரும்போது இந்த லீவு பேச்சை எடுக்காதே. கம்பெனி வேலையாக வந்தேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன்னால் நாலு பேர் முகத்தைப் பார்க்க முடியாத
சேவுகப்பெருமாள்


கோத்தன்பர்க்
28 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

ஒரு கையில் சௌபர்ணிகா, மறு கையில் உங்கள் கடிதம். அப்படித்தான் படித்தேன். ஆயாக்களுக்கு அது பழகிப்போகும்.

இந்த ஊரில் அப்பாக்களுக்கும் பிள்ளை வளர்க்க லீவு உண்டு. என் மேலதிகாரி இரண்டு முறை எடுத்தவர். கம்பளியில் சுற்றி வெளிக்காற்றில் தூங்க வைத்தால் குழந்தைகள் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்குகின்றன. உங்கள் மில்லைச் சுற்றியுள்ள வீடுகளில் தவிட்டுத் தூசியில் இருமிக்கொண்டே தூங்குகிற குழந்தைகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும்.

என் மூத்தவன் விக்கிக்கு நாலு வயது. மஞ்சள்கரு பிடிக்காது, லிப்டைக் கண்டால் பயம், கோபம் வந்தால் மேசைக்கு அடியில் போய் உட்காருவான். இதெல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் ஒரே மகள் பாண்டீஸ்வரிக்கு எட்டு வயது ஆகிறது. மூன்றே கேள்வி. அவளுடைய செருப்பு அளவு என்ன? வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறாள்? எதற்குப் பயப்படுவாள்? அழகி அண்ணியைக் கேட்காமல் பதில் எழுதுங்கள் பார்க்கலாம்.

வெட்கப்பட நேரமில்லாத தம்பி,
பூமிநாதன்


புதுவயல்
19 நவம்பர் 2024

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தவனுக்கு வரும் திமிர் ஒரு குறையும் இல்லாமல் வந்திருக்கிறது.

உன் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அழகியிடம் கேட்டு, நானே எழுதியது போல எழுதிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். பகல் பதினோரு மணிக்கு அவள் தரையில் சுருண்டு படுத்திருந்தாள். நாலு மாதமாக உதிரப்போக்காம். "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"மில்லுல இருந்து வந்ததும் சாப்பாடு எடுத்து வையிம்பீக. சாப்பிட்டதும் போனைப் பாப்பீக. எந்நேரம் சொல்றது?" என்றாள்.

மதுரையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. ஒக்கூரில் அவள் அம்மா வீட்டில் விட்டிருக்கிறேன். பாண்டீஸ்வரிக்குப் பள்ளிக்கூடம் காரைக்குடியில், அதனால் அவள் இங்கே என்னோடு. பொன்னுத்தாயி காலையும் மாலையும் வந்து சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள். தை பிறந்ததும் அறுப்புக்குப் போய்விடுவாளாம். தனி ஆம்பளை பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? ஜனவரியில் விடுதியில் சேர்க்க விண்ணப்பப் பாரம் வாங்கியாகிவிட்டது.

இது தகவல்தான். யோசனை எதுவும் கேட்கவில்லை.

சேவுகப்பெருமாள்


கோத்தன்பர்க்
6 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

அண்ணியை நினைத்துச் செந்தாமரை அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா படுத்துக் கிடக்கிற நேரத்தில் எட்டு வயதுப் பிள்ளையை விடுதிக்குத் துரத்துகிறீர்கள். காரணம், அப்பாவுக்குத் தலை சீவிவிடத் தெரியாது. இருபது லாரிகளை மேய்க்கத் தெரிந்தவருக்கு ஒரு பிள்ளையைப் பார்க்கத் தெரியவில்லை என்று வெளியில் சொல்லாதீர்கள், சிரிப்பார்கள்.

பாரத்தைக் கிழித்துப் போடுங்கள். எனக்கு மே வரை லீவு இருக்கிறது. சௌபர்ணிகாவைத் தூக்கிக்கொண்டு ஜனவரி பத்தாம் தேதி வருகிறேன். அண்ணி எழுந்து நடமாடும் வரை பாண்டீஸ்வரியை நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை வளர்ப்பது என்றால் என்ன என்று நீங்களும் ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளலாம்.

சித்தப்பா வருகிறார் என்று பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

பூமிநாதன்


கோத்தன்பர்க்
4 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு சின்னச் சிக்கல். விக்கியைப் புதுப் பாலர் பள்ளிக்கு மாற்றுகிறோம். முதல் இரண்டு வாரம் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார வேண்டும் என்பது இங்கே வழக்கம். செந்தாமரைக்கு அலுவலகத்தில் நெருக்கடி. சௌபர்ணிகாவுக்கு நம் ஊர்த் தூசி ஒத்துக்கொள்ளுமா என்ற கவலையும் அவளுக்கு இருக்கிறது. அதனால் இந்த முறை வர முடியவில்லை. மே மாதம் பார்க்கலாம்.

பாப்பாவுக்குக் கலர் பென்சில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் நிலைமையைப் புரிந்துகொள்வீர்கள்.

அன்புடன்,
பூமிநாதன்


புதுவயல்
9 பிப்ரவரி 2025

பூமிநாதனுக்கு,

நான்காம் தேதி நீ எழுதிய கடிதம் பதினெட்டாம் தேதி வந்து சேர்ந்தது. நீ வருவதாகச் சொன்ன நாள் பத்து. உன் நம்பரை நான் பிளாக் செய்திருக்கிறேன், சரி. அழகியிடம் போன் இருக்கிறது, மில்லுக்கு ஒரு போன் இருக்கிறது. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று தபாலில் போட்டிருக்கிறாய். அந்த அளவு புத்தி உனக்கு எப்போதும் உண்டு.

பத்தாம் தேதி பாண்டீஸ்வரி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாவாடை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். பதினொன்றாம் தேதியும் உட்கார்ந்தாள். "பிளேன் லேட்டாயிருக்கும்லப்பா?" என்றாள். பன்னிரண்டாம் தேதி பாவாடை மாற்றவில்லை.

உன் பேச்சை நம்பிப் பாரத்தை நிஜமாகவே கிழித்துவிட்டேன். விடுதியில் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. பொன்னுத்தாயியும் அறுப்புக்குப் போய்விட்டாள். உன் பிள்ளையைப் பார்க்க உனக்கு ஒரு அரசாங்கம் லீவு தருகிறது. என் பிள்ளையைப் பார்க்க எந்த அரசாங்கமும் உனக்கு லீவு தராது. இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் சடை பின்னினேன். "அங்குட்டு இழுக்குறீக, இங்குட்டு தொங்குதுப்பா" என்றாள். மறுபடி பின்னினேன். பள்ளிக்கூட வாசலில் மெய்யநாதன் வாத்தியார், "பாப்பாவுக்கு யார் சடை போட்டது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அதான் கேட்டேன்" என்று போய்விட்டார். போன வாரம் காய்ச்சலில் ஆட்டோவில் என் சட்டை மேலேயே வாந்தி எடுத்தாள். அதே சட்டையோடு ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். லாரிகள் நின்றன. நின்றால் நிற்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக நினைத்துவிடாதே. வேறு ஆள் இல்லாததால் கற்றுக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அழகி வந்துவிட்டாள். நான் பிள்ளைக்குச் சோறு பிசைந்து வைப்பதைச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு என்னைய அறுத்துப் போட வேண்டியிருந்துச்சு" என்றாள். அவள் சிரிக்கவில்லை. உன்னைத் திட்ட உட்கார்ந்த கடிதத்தில் இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

பென்சில் பெட்டி வந்தது. பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறாள். நான் பிரிக்கச் சொல்லவில்லை.

மே மாதம் வந்தால் வா. செந்தாமரையையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வா. முன்னறையைக் கழுவி, ஏசி போட்டு வைக்கிறேன். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை எதிலும் குறை வராது.

ஆனால் நீ வருகிற தேதியைப் பாண்டீஸ்வரியிடம் நான் சொல்லப் போவதில்லை.

சேவுகப்பெருமாள்