கப்பல் கரையை ஒட்டிப் போகும் நாள்

1971 ஆகஸ்ட் 9, திங்கள்

எங்கள் வீட்டு வாடகை அறைக்கு வந்திருக்கும் டச்சுக்காரத் தம்பதி, "காற்றில்லாத கடற்கரை எது?" என்று கேட்டார்கள். ஆகஸ்டில் அப்படி ஒன்று இந்தத் தீவில் இருந்தால் நானே போய்ப் படுத்துக்கொள்வேன்.

காபிக்கடைத் தொலைபேசியில் என் வீட்டுக்காரர் ஸ்தமாத்திஸ் கூப்பிட்டார். பிரேயுஸ் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறார்களாம். கேப்டனாகி முதல் பயணம், வியாழக்கிழமை நம் தீவைத் தாண்டிப் போகிறார். குழந்தைக்கு இருமல் என்றேன். அது காதில் விழுந்ததா தெரியவில்லை.

"வீட்டுக்கு நேரா வந்து மூணு தடவ சங்கு ஊதறேன். மாடியில வெள்ளத்துணி கட்டி வை."

"காத்து பலமா இருக்குங்க. தள்ளியே போங்க."

"தள்ளிப் போனா ஊர்ல என்ன பேசுவாங்க, அந்தூலா? பயந்துட்டான்னு பேசுவாங்க."

கடையிலிருந்த அத்தனை காதுகளும் எங்கள் பேச்சில்தான் இருந்தன.

ஆகஸ்ட் 10

காற்று குறையவில்லை. அவர் தம்பி பந்தெலிஸ் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். வீட்டுக்கு எதிரே கடலடியில் உள்ள பாறையைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"அண்ணனுக்குத் தெரியாத பாறையா, அண்ணி? ஆனா அவ்வளவு பெரிய கப்பல் திரும்ப எடம் வேணுமே."

ஆறுதல் சொல்ல வந்த வாய்.

ஆகஸ்ட் 11

துணி கட்டப் போவதில்லை. பார்க்க ஆளில்லை என்று கோபித்துக்கொண்டு தள்ளியே போகட்டும்.

ஆகஸ்ட் 12



ஊர்க்காரர் கப்பல் கடந்து போனால் கட்டும் வழக்கப்படி எல்லா மாடியிலும் வெள்ளை பறந்தது, எங்கள் வீட்டைத் தவிர. தூரத்தில்தான் வந்தார். மூன்று முறை ஊதினார். அப்பாடா என்றிருந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும். பிறகு கப்பலின் மூக்கு எங்கள் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் — எப்படி மறந்தேன்? எங்கள் ஊரில் சாவு விழுந்த வீடுதானே வெள்ளை கட்டாது. குழந்தைக்கு இருமல் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

டச்சுக்காரி படுத்திருக்கும்போதே விரிப்பை உருவிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். குழந்தையையும் தூக்கிக் காட்டினேன். நல்லா இருக்கா, தள்ளிப் போங்க, போங்கன்னு கத்தறேன், காத்துல எனக்கே கேக்கல.

பார்த்துவிட்டார். கப்பல் திரும்பியது. பாதி திரும்பியதும் நின்றுவிட்டது. அடியில் பாறை.

ஆகஸ்ட் 13

யாருக்கும் காயமில்லை. இழுவைக் கப்பல் வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். விசாரணைக்குப் போகுமுன் சற்று நேரம் வீட்டுக்கு வந்தார். வந்ததும் குழந்தையைத்தான் தூக்கினார். கீழே விடவேயில்லை.

"ஏன் அண்ணி துணி கட்டல?" என்று பந்தெலிஸ் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "கட்டியிருப்பா. காத்து பிச்சிட்டுப் போயிருக்கும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரிந்துதான் சொல்கிறார். திட்டியிருக்கலாம்.

1972 ஜூலை 3

கப்பல் வேலை போய்ப் பத்து மாதமாகிறது. இன்று இவர் விருந்தினர்களைப் பந்தெலிஸின் படகில் மணல் கடற்கரைக்கு அழைத்துப் போனார். நானும் குழந்தையும் கூடப் போனோம். காற்றே இல்லை. கரை வெகு தூரத்தில் இருக்கும்போதே நங்கூரம் போட்டுவிட்டார்.

"இன்னும் கிட்டப் போகலாமே, கேப்டன்?" என்றார் ஒருவர்.

"இது போதும்."

துண்டுகளைத் தலையில் கட்டிக்கொண்டு எல்லோரும் நீந்திப் போனார்கள்.