கீழ்ப் போர்ஷன்

தருமபுரி
9-6-2024

அன்புள்ள அருள்ராணி அக்காவுக்கு,

பக்கத்துப் போர்ஷன் மணிமேகலை எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்கத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் மாடியில் ஓனர் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் லியோன் அண்ணன் பாலக்கோடு போய்ச் சேருவதற்குள் வண்டியிலேயே போய்விட்டார் என்று, அங்கிருந்து எங்கள் கம்பெனிக்கு வரும் சகாயமேரி சொல்லித்தான் தெரியும். "வூட்ல சாவு விழுந்தா அப்புறம் யாரு குடி வருவாங்க" என்று சொல்லித்தானே ஓனர் வெங்கடாசலம் உங்களைக் காலி பண்ண வைத்தார். இப்போது வீடு பார்க்க வருகிறவர்களிடம் "இங்க சாவே விழுந்ததில்லைங்க" என்கிறார். பொய்யும் இல்லை. ஆனாலும் யாரும் வரவில்லை. அண்ணன் அடித்த பச்சைப் பெயிண்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

அக்கா, பூட்டிய உங்கள் வீட்டுக்குள் மத்தியானத்தில் அண்ணனுடைய இருமல் கேட்கிறது. என் வீட்டுக்காரர் எலி என்கிறார். எலிச் சத்தம் எனக்குத் தெரியாதா?

போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை நீங்கள். அது மனசிலேயே கிடக்கிறது.

தங்கை
மணிமேகலை

---

பாலக்கோடு
20-6-2024

அன்புத் தங்கை மணிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. அவர் தலை என் மடியில் இருந்தது, எப்படித் திரும்புவேன்? வழியில் "வூடு வந்திருச்சா?" என்று கேட்டார். வரவில்லை. "வந்திருச்சுங்க" என்றேன். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

வண்டியிலேயே திரும்பிப் போகச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டே வாசலில் நின்றேன். இந்த வீட்டு ஓனர் நஞ்சம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "வெயில்ல எதுக்கு வெச்சிருக்கீங்க, உள்ள கொண்டாங்க" என்று தன் வீட்டுக் கூடத்தைத் திறந்துவிட்டார். அன்றுதான் முதல்முறை என்னைப் பார்க்கிறார்.

இருமல் கேட்டால் பயப்படாதே. தண்ணி வேணுமா என்று கேள்.

ஜெபங்களுடன்
அருள்ராணி

---

தருமபுரி
4-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி கேட்டேன். பதில் இல்லை.

ஓனருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. மாடி ஏற முடியாதென்று மகன் அவரை நீங்கள் இருந்த கீழ்ப் போர்ஷனில்தான் படுக்க வைத்திருக்கிறார். மகன் ஓசூரிலிருந்து ஞாயிறு மட்டும் வருகிறார். பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவைப் போட்டிருக்கிறார்கள்.

யார் உள்ளே போனாலும் அவர் எழப் பார்க்கிறார். விளங்கும் ஒரு கையை நெற்றிக்குத் தூக்கிக் கும்பிடுகிறார். "கொஞ்ச நாள் குடுங்க. இருமல் நின்னதும் காலி பண்ணிடறேன். ரோட்ல வெச்சு மானத்த வாங்காதீங்க" என்கிறார். அவருக்கு இருமலே இல்லை, அக்கா.

"இது உங்க வூடுங்க" என்றால் நம்புவதில்லை. வேட்டி துண்டையெல்லாம் மூட்டை கட்டித் தலைமாட்டில் வைக்கச் சொல்கிறார். சாப்பிடுவதும் இல்லை. இந்த மாதம் தாண்டாது என்கிறார் டாக்டர்.

உங்களை எந்த முகத்தோடு கூப்பிடுவது? இருந்தாலும் எழுதிவிட்டேன்.

மணிமேகலை

---

பாலக்கோடு
14-8-2024

அன்பு மணி,

நேற்று வந்திருந்தேன். நீ கம்பெனிக்குப் போயிருந்தாய்.

ஓனர் சொல்வதெல்லாம் என் வீட்டுக்காரர் சொன்னது. கேட் பக்கத்தில் நின்று ஓனரிடம் கெஞ்சியபோது நான் மட்டும்தான் கூட இருந்தேன். ஒரு சொல் மாறவில்லை.

உள்ளே போனதும் என்னைக் கும்பிட்டார். எனக்கு அடையாளம் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. "ஓனரம்மாங்களா?" என்றார். மூட்டை தலைமாட்டில் இருந்தது. "ஆமா, கிளம்புங்க" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, மணி. சொல்லியிருந்தால் அவர் எழ முயன்றிருப்பார். அதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு "ஆமாங்க, ஓனரம்மாதான்" என்றேன்.

"எத்தன நாள் தருவீங்க?"

"உங்களுக்கு எத்தன நாள் வேணுமோ அத்தன நாள் இருங்க. யாரும் போகச் சொல்ல மாட்டாங்க."

கையைக் கீழே இறக்கினார். அந்த அம்மா வைத்திருந்த கஞ்சியை ஊட்டினேன், பாதிக் கிண்ணம் குடித்தார். குடித்துவிட்டுத் தூங்கினார். மூட்டையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன்.

அவர் போய்விட்டால் எனக்கு எழுத வேண்டாம். அந்த வீட்டைப் பற்றி இனி எதுவும் எழுத வேண்டாம். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா, கறிக்குழம்பு வைக்கிறேன்.

உன் அக்கா
அருள்ராணி