அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு

பிப்ரவரி 9

வகுப்பாசிரியை என் மதிப்பெண் அட்டையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, "இதை வச்சுக்கிட்டு அந்தக் காலேஜா? வாசல்ல நின்னு வேடிக்கை வேணா பார்க்கலாம்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். வேறென்ன செய்வது? மனசுக்குள் மட்டும் — போடி, பார்த்துக்கறேன்.

டீச்சரை 'போடி' என்று எழுதியது தப்பு. தெரியும். அடித்துத் திருத்தப் போவதில்லை, அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 12

விண்ணப்பம் வாங்கினேன். அந்தக் கல்லூரியில் பள்ளி மதிப்பெண் பாதி, நுழைவுத்தேர்வு பாதி. என் முதல் பாதி ஏற்கெனவே ஓட்டை. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: மதிப்பெண் குறைவாக இருந்தால் காரணம் எழுதவும்.

என்ன எழுத? பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்குப் போன நாளைவிடக் கண் ஆஸ்பத்திரிக்குப் போன நாள்தான் அதிகம் என்றா? அப்பா அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை முற்றிக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. ஊசி, லேசர், ஆபரேஷன், எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாள் காலை, முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருக்கும்போதே, "இன்னும் விடியலையா?" என்று கேட்டார். அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் லீவு தரமாட்டார்கள். கையைப் பிடித்து நடத்த நான்தான்.

அதை எழுதினால் பொய்யில்லை. ஆனால் அப்பாவைக் 'காரணம்' என்று எழுதக் கை வரவில்லை. "படிக்கவில்லை" என்று ஒரே வார்த்தை எழுதினேன். அதுவும் உண்மைதானே?

பிப்ரவரி 13

அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. "சூப்பர்மார்க்கெட்ல பில் போட ஆள் கேக்கறாங்க. உக்காந்த இடத்துல வேலை. கிடைக்காத காலேஜுக்கு எதுக்கு ஆசைப்படணும்?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பியபடி, "பில் போடத்தான் மெஷின் இருக்கே, அதுக்கு என் கிளீனர் எதுக்கு?" என்றார்.

நான்தான் கிளீனர். லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி பின்னால் வரும்போது இறங்கிக் கத்துவாரே, அவர். இப்போது வீட்டில் அந்த வேலை எனக்கு. "ரைட்ல நாற்காலி… வாங்க, வாங்க… போதும்!"

மார்ச் 2

அப்பாவால் சும்மா உட்கார முடிவதில்லை. "சத்தமா படி. எனக்கும் பொழுது போகும்" என்று ஆரம்பித்தது. இப்போது தொல்லையாகிவிட்டது. எதைப் படித்தாலும், "புரியலையே." படம் போட்டுக் காட்டவும் வழியில்லை. சாய்வு என்றால் ஏத்தம். சாய்வு பூஜ்யம் என்றால் மேட்டு உச்சி, வண்டி ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. இப்படி ஒவ்வொன்றையும் ரோட்டுக்குக் கொண்டுபோனால்தான் அவருக்கு ஏறும்.

இன்று ஒரு வளைகோட்டோடு மல்லுக்கட்டினோம். சாப்பிட்ட தட்டைக் கழுவி, ஸ்டீயரிங் மாதிரி பிடித்துக்கொண்டு, "ஓட்டறேன், சொல்லு" என்றார்.

"இடது வளைவு… இன்னும் இடது… இப்ப மெல்ல வலது. நடுவுல ஸ்டீயரிங் ஒரு நொடி நேரா வந்துச்சில்ல? கோடு ஒரு பக்கத்துலேருந்து மறுபக்கம் திரும்பற இடம் அதுதாம்ப்பா!"

"அட, இதுக்கா இவ்வளவு பில்டப்பு?"

அவருக்குச் சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. ஒரு வருஷமாகப் புத்தகத்தில் பார்த்து முழித்தது, ஒரு சாப்பாட்டுத் தட்டில் முடிந்துவிட்டது.

மார்ச் 3

அம்மா: "ரெண்டும் சேர்ந்து வீட்டை லாரி ஷெட் ஆக்கிட்டீங்க."

மார்ச் 19

மாதிரித் தேர்வு. ஒண்ணுமே ஓடல. நேரம் பத்தல. எனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை? டீச்சர் சொன்னதுதான் சரியோ? அப்பாவுக்குக் கேட்கக் கூடாதென்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பாவுக்குக் கேட்காததென்று இந்த வீட்டில் ஏதாவது உண்டா?

அம்மாதான் கதவைத் தட்டினாள். "தண்ணி வீணாகுது, வெளிய வா." வந்தேன். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "பில் போடற வேலை எங்கயும் ஓடிடாது. முதல்ல பரீட்சையை எழுது" என்றாள். முகத்தை மட்டும் கடுகடு என்றுதான் வைத்திருந்தாள். அப்படியே கட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 20

நுழைவுத்தேர்வு எழுதிவிட்டேன். நன்றாகத்தான் போயிற்று. இதற்கு மேல் எழுதமாட்டேன், என் கண்ணே பட்டுவிடும்.

மே 14

நுழைவுத்தேர்வு எழுதியவர்களில் எங்கள் பள்ளியில் நான்தான் முதல்!! அம்மாவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார் அப்பா. மூன்றாவது தடவை அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

மே 22

கல்லூரியிலிருந்து கடிதம். பள்ளி மதிப்பெண்ணும் தேர்வு மதிப்பெண்ணும் பொருந்தவில்லையாம். நேரில் வரவேண்டுமாம்.

அதாவது, காப்பி அடித்தேனா என்று பார்க்க வேண்டுமாம். நேராகச் சொன்னால் என்ன? குறைவாக வாங்கினால் சிரிப்பு, அதிகமாக வாங்கினால் சந்தேகம். நான் எவ்வளவுதான் வாங்கித் தொலைக்கணும்?

ஜூன் 2

அப்பாவும் வந்தே தீருவேன் என்றார். வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டு பேர். ஒரு வழுக்கைத்தலைக்காரர், கண்ணாடி போட்ட ஓர் அம்மா.

"மார்க் ஏன் இவ்வளவு குறைவு?"

"படிக்கலை சார்."

"அப்புறம் தேர்வுல மட்டும் எப்படி?"

"அதுக்கப்புறம் படிச்சேன் சார்."

"பரீட்சை அன்னைக்குப் பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?"

காது சுட்டது. அந்த அம்மா பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதினார். "இந்தக் கோடு எப்படிப் போகும்? எங்கே எந்தப் பக்கம் திரும்பும்? வரைஞ்சு காட்டு."

சாக்பீஸை எடுத்தேன். கை ஓடவில்லை. மாதக்கணக்கில் நான் ஒரு படம்கூட வரையவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யாருக்காக வரைவேன்? "வாயால சொல்லட்டுமா?" என்று கேட்டேன். வழுக்கைத்தலைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். சொல்ல ஆரம்பித்தேன். வண்டி கீழேயிருந்து ஏறுகிறது, இங்கே மேட்டு உச்சி, பிறகு இறக்கம். இங்கே ஸ்டீயரிங் நேராகி மறுபக்கம் திரும்பும், அப்புறம் பள்ளம், மறுபடி ஏத்தம். இடங்களையெல்லாம் கணக்காகவே சொன்னேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஸ்டீயரிங் நேராகிற இடத்துக்குப் பாடத்துல என்ன பேரு?"

எனக்குப் பேர் வரவில்லை! நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கும் தேர்வில் பேரை யார் கேட்டார்கள்? "எங்க வீட்ல அப்படித்தான் மேடம் சொல்லுவோம்" என்று உளறினேன். வழுக்கைத்தலைக்காரரே சிரித்துவிட்டார்.

"யாருக்கு இப்படிச் சொல்லிச் சொல்லிப் பழக்கம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அப்பாவுக்கு. லாரி ஓட்டினாரு. இப்போ அவருக்குக் கண்ணு தெரியாது."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. விண்ணப்பக் கட்டத்தில் எழுதாததை அறை நடுவில் போட்டு உடைத்துவிட்டேன். அவர் மதிப்பெண் அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தார். "எப்பலேருந்து?" என்றார். சொன்னேன்.

"அந்த இடத்துக்குப் பேரு வளைவு மாற்றப் புள்ளி," என்றார் கடைசியில். "அதைக் கத்துக்கோ. உன்னோட பேரையும் விட்டுடாத."

பஸ்ஸில் அப்பாவிடம், "உங்களைச் சாக்கா சொல்லக் கூடாதுன்னு நினைச்சேன்ப்பா" என்றேன்.

"கதவு திறந்துதானே இருந்துச்சு, எல்லாம் கேட்டேன். உண்மையைத்தானே சொன்ன? பாதிப் பாடத்துல நான் தூங்கிடுவேன்னு சொல்லாம விட்டியே, அதுவரைக்கும் மானம் தப்பிச்சுது."

சிரித்துக்கொண்டே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். இறங்கும் வரை விடவில்லை. இந்த மனுஷன்மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஜூன் 17

கிடைத்துவிட்டது.

அம்மா கம்பெனியில் அனுமதி கேட்காமலேயே பாதி நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஜூலை 11

விடுதி. இதை எழுதுவது புதுக் கட்டிலில்.

அம்மாவும் அப்பாவும் கொண்டுவந்து விட்டார்கள். அம்மா அலமாரியில் துணி அடுக்கினாள். நானும் உதவப் போனேன். அப்பா கதவருகே நின்றுகொண்டிருந்தவர், "கொஞ்சம் இருங்க, நானே பார்க்கறேன்" என்றார். வழி சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

சுவரைத் தொட்டுக்கொண்டே மெதுவாக நடந்தார். கட்டிலின் விளிம்பைத் தடவினார், மெத்தையை அழுத்திப் பார்த்தார். மேசை, நாற்காலி. மேசையில் கையை நீட்டி, விளக்கு எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தார். ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் தொட்டார். வெளியே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சற்று நேரம் நின்றார். கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்தார். அம்மா மடித்த துணியைக் கையில் வைத்தபடியே நின்றாள். அறைத்தோழி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

முழுச் சுற்றும் முடிந்து கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "இனிமே வீட்ல இருந்து நினைச்சா, நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்."