புளித்த தொட்டி

செவ்வாய்க் கிரகம், நாள் 201, காலை 6.10
எழுதுவது செண்பகவடிவு, எரிபொருள் பொறியாளர். இந்தக் கூடாரத்தில் நான் ஒருத்திதான். இங்கே விளைந்த மரவள்ளியில் ஆல்கஹால் காய்ச்சி, இறங்குகலத்தை நிரப்பி, அதிலேயே மேலே போய்க் கப்பலில் ஏற வேண்டும். கிழங்கு மொத்தமும் அரைத்துத் தொட்டியில் விட்டாயிற்று. ஈஸ்ட்டையும் மிச்சம் வைக்காமல் கொட்டிவிட்டேன். நுரை நன்றாக வருகிறது.

நாள் 203, மாலை 7.40
மேலே சுற்றும் கப்பலிலிருந்து இசக்கிமுத்து: "யக்கா, சரக்கு ரெடியாயிட்டா? பூமியிலேருந்து உங்க மவ தினமும் கேக்கா, அம்மை எப்ப வரும்னு."
புறப்படுமுன் ஒரு தடவையாவது இட்லி தின்ன ஆசை. இந்தக் குளிரில் மாவு பொங்கித் தொலையாது. இங்கே கதகதப்பான இடம் தொட்டியின் மூடி ஒன்றுதான். மாவுப் பாத்திரத்தை அதன்மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

நாள் 204, காலை 5.50
மாவு பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன். இட்லி பூவாக வந்தது. எட்டு தின்றேன், வெட்கமில்லை.

நாள் 206, பகல் 11.15
நுரை அடங்கிவிட்டது. தொட்டியைத் திறந்தால் சாராய வாடை இல்லை, இட்லி மாவு வாடை. மூடியில் வாயு போகிற துளை வழியாக மாவு உள்ளே இறங்கியிருக்கிறது. அதிலிருந்த பாக்டீரியா பெருகி, புளிப்பேறி, ஈஸ்ட் செத்துவிட்டது. படித்த படிப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாள் 207, மாலை 6.05
இருந்ததை வடித்துப் பார்த்தேன். அந்த ஆல்கஹாலில் கலம் பாதி உயரம்கூட ஏறாது. கீழே வர வேறு கலமும் இல்லை.
"யக்கா, நாளைக்குக் கெளம்பலன்னா பூமி வெலகிப் போயி எங்களுக்கும் வழி அடைச்சிரும். ஏதாச்சும் சொல்லுங்க."
போங்கள் என்றேன். மகளிடம் என்ன சொல்ல என்று கேட்டான். அழுதேன்.

நாள் 208, காலை 9.30
போய்விட்டார்கள். அடுத்த கப்பல் வர இரண்டு வருடம். கதவுக்கு வெளியே மூச்சுவிடக் காற்றில்லை. உள்ளே இருபது அடி நடந்தால் மறுசுவர். நடந்து பார்த்தேன்.

நாள் 219
அரிசி தீர்ந்தது. மரவள்ளிக் குச்சியை மறுபடி ஊன்றியிருக்கிறேன், கிழங்கு விட வருடமாகும். தொட்டியில் மிஞ்சிய புளித்த மரவள்ளி மாவை இட்லித் தட்டில் ஊற்றி அவித்தேன். மெத்தென்று வருகிறது. வீட்டுக்குப் போக வைத்திருந்ததை வேளைக்கு நாலாகத் தின்கிறேன்.
தொட்டியில் மட்டம் ஒரு விரல் இறங்கிவிட்டது. கணக்குப் போடப் பயமாக இருக்கிறது.