கதைக்காரர் உனக்குக் கொடுத்த நாட்டியக்காரி

அன்புள்ள மாப்பிள்ளை சிவதாணுவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அங்கே யாருக்கும் காவல் நிற்க வேண்டிய வேலை இருக்காது என்று நினைக்கிறேன், அதனால் உட்கார்ந்து நிதானமாகக் கேள். உன் கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தை நான் உடைத்துவிட்டேன். உடைத்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. ஏன் உடைத்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீ போன பிறகு இங்கே ஒரு நாவல் வந்தது. 'கறைபட்ட கச்சை' என்று பெயர். வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, இப்போது புஸ்தகமாகவும் போடப் போகிறார்கள். ஒரு ராஜ்யத்து மந்திரி, அவருக்கு இரண்டு மெய்க்காவலர்கள். ஒரு நாள் அந்தி நேரத்தில் மந்திரியை எவனோ குத்திவிடுகிறான், காவலர்கள் பக்கத்தில் இல்லை. ஊர் பார்க்கக் கச்சையை அவிழ்த்து, தலைப்பாகையைப் பிடுங்கி இரண்டு பேரையும் விரட்டுகிறார்கள். அவர்கள் சதிகாரனைத் தேடி அலைவதுதான் மீதிக் கதை.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு. வடக்கே அந்தச் சமஸ்தானத்தில் நம் இரண்டு பேருக்கும் நடந்ததை எவனோ கூட நின்று பார்த்து எழுதியதுபோல இருந்தது. போதாக்குறைக்கு, அந்தக் காவலர்களில் மூத்தவனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு. உனக்கு இருந்த அதே இடத்தில்! பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஒரு லோட்டா தண்ணீர் குடித்தேன்.

நான் இப்போதும் தம்பானூரில், ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற அதே லாட்ஜில்தான் மேற்பார்வை பார்க்கிறேன். ரயிலில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கிவிட்டால் போதும், கீழே காப்பிக் கடையில் அன்றைக்கு வேறு பேச்சே கிடையாது. ஆளுக்கொரு அபிப்பிராயம். சாலைக் கடைவீதி மிளகு வியாபாரிக்கு மந்திரி பிழைத்துக்கொண்டது பிடிக்கவில்லை. "குத்தினவன் சரியாக் குத்தியிருந்தா கதை இன்னும் ஜோராப் போயிருக்கும்" என்கிறார். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், சதிகாரன் யார் என்று தனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது என்று வாராவாரம் சொல்வார். வாராவாரம் வேறு வேறு ஆளைச் சொல்வார்.

போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் கங்காணி ஒருவர் ஊருக்கு இறங்கினால் நம் லாட்ஜில்தான் தங்குவார். அவர் பத்திரிகையை மலைக்குக் கொண்டுபோய் லயத்தில் இருக்கிற கூலியாட்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவாராம். "எங்க ஆளுக ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. வேலை போச்சே, பொறகு அவுக பிள்ளைக என்னத்தத் தின்னுச்சு? அத ஏன் எழுதல்லேங்குது" என்றார். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். உன் வீட்டுக்காரி நீலம்மை பக்கத்து வீடுகளில் நெல் குத்திப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மாதங்களை நீயும் மறந்திருக்க மாட்டாய். அவருக்கு இன்னொரு காப்பி சொன்னேன்.

இதுவரைக்கும் ஒன்றும் மோசமில்லை. அதற்குப் பிறகுதான் கதைக்காரர் தழும்புக்காரனுக்கு ஒரு நாட்டியக்காரியைக் கொண்டுவந்தார்.

ஆமாம், நாட்டியக்காரி! மந்திரி குத்துப்பட்ட நேரத்தில் அவன் அவள் வீட்டில் இருந்தானாம். கூட்டாளி வெளியே நின்று ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டானாம். அவளைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல்தான் இரண்டு பேரும் வாய் திறக்காமல் அவமானப்பட்டார்களாம். இதைப் படித்துவிட்டு ஊரே உருகிப் போய்விட்டது, மாப்பிள்ளே. ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் இருக்கிற நாயருக்குத் தமிழ் சரியாக வாசிக்க வராது. வாத்தியாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பாவம், ஒரு பெண்ணினு வேண்டி இத்தரயும் சகிச்சல்லோ!" என்று, ஒரு பெண்ணுக்காக இவ்வளவையும் பொறுத்தானே என்று, மலையாளத்தில் சொல்லி மூக்கைச் சிந்தினார். உனக்காக இந்தத் திருவனந்தபுரத்தில் அழாத ஆள் இல்லை. உன் வீட்டுக்காரி ஒருத்தியைத் தவிர.

நீலம்மையும் பிள்ளைகளும் கரமனையில் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். மத்தியானம் வேலை ஒழிந்ததும் தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து, யாராவது ஒருத்தி இந்தக் கதையை வாசிக்க, மற்றவர்கள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார்கள். நாட்டியக்காரி வந்த வாரம் நீலம்மை பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது சுவரில் உன் போட்டோ இல்லை. தகரப் பெட்டிக்குள் போயிருந்தது.

"அண்ணே, உண்மையச் சொல்லு. அன்னைக்கி அவரு எங்க போயிருந்தாரு?"

"எங்கயும் போகல்ல, ஏளா."

"போகல்லேன்னா மந்திரி பக்கத்துல ஏன் இல்ல? இத்தன வருசமா தூங்கிட்டாருன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்! கேட்டப்பம்லாம், அதக் கேக்காத நீலா, கேக்காதன்னு மொகத்தத் திருப்பிக்கிடுவாரு. இப்பம்லா வெளங்குது." என் பக்கம் திரும்பினாள். "எம் புருசன் அவ வீட்டுக்குள்ள இருக்கையில நீ வெளிய காவல் நின்னியோ?"

என் கூடப்பிறந்தவள் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கதை வேறு, நாம் வேறு என்றேன். அவள் நம்பவில்லை. அப்படியானால் உன் புருவத் தழும்பு கதைக்குள் எப்படி வந்தது என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேரே கதைக்காரர் வீட்டுக்குப் போனேன். கரமனை அக்கிரகாரத்தில் கிச்சாமி ஐயர் என்று ஒருவர், சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. ஊதினால் பறந்துவிடுவார். நம்மைப் பற்றி எவனிடம் கேட்டு எழுதினீர் என்று நான் போட்ட சத்தத்தில் மனுஷர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய், பெருமாள் சத்தியமாச் சொல்றேன், நேக்கு ஒரு மந்திரியையும் தெரியாது, காவக்காரனையும் தெரியாது! மொதல்ல அவா தூங்கிப்போயிட்டான்னுதான் எழுதி அனுப்பிச்சேன். தூங்கினா கதை நகராது, ஒரு பொம்மனாட்டிய உள்ள கொண்டு வாங்கோன்னு பத்திரிகைக்காரா எழுதிட்டா. கொண்டு வந்தேன். அவ்வளவுதானாக்கும்."

"தழும்பு?"

"ஆளுக்கு ஒரு அடையாளம் வேணுமோல்லியோ? புருவத்துல வெச்சேன். உமக்கு ஆட்சேபணைன்னா புஸ்தகத்துல கன்னத்துக்கு மாத்திடறேன்."

கோபமாகப் போனவன் அவர் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்தேன். அவர் பேரில் என்ன குற்றம்? காவல் பார்த்த புத்தி, எதைக் கண்டாலும் யாரோ ஒற்றுப் பார்த்ததாகவே நமக்குத் தோன்றும். ஆனால் நீலம்மையிடம் இதைச் சொன்னபோது, "ஐயரு ஆம்பள, நீயும் ஆம்பள" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

உன் வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. சாமான் வாங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். "எங்கிட்டக் கேக்காத. அவளத் தேடிப் பிடிச்சு ஆக்கிப் போடச் சொல்லு. நான் அடுப்புப் பத்த வைக்க மாட்டேன்" என்றாள். பெரியவன் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று முழுக்க லாட்ஜில் எனக்கு வேலை ஓடவில்லை. சாகக் கிடந்த நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "தூங்கிட்டேன்னே அவ நெனச்சிட்டுப் போகட்டும், நீ சொல்லக் கூடாது" என்று வாங்கிய சத்தியத்தை நினைத்தேன். மந்திரி நம் இரண்டு பேருக்கும் முன்னால் கட்டுப்போட்ட தோளோடு கைகூப்பி நின்றதையும் நினைத்தேன். சரி மாப்பிள்ளே, நீ தூக்கத்துக்குத்தானே சத்தியம் வாங்கினாய்? நாட்டியக்காரிக்கு வாங்கவில்லையே! வக்கீல் பேச்சு என்பாய். இருக்கட்டும். மந்திரி போய்ச் சேர்ந்துவிட்டார், நீயும் போய்விட்டாய். உயிரோடு இருக்கிறவள் அவள் ஒருத்திதான்.

திதிக்கு முந்தின நாள் அடுக்களைப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிளர்ச்சிக்காரர்களின் தலைவர்கள் ஒளிந்திருந்த இடத்துக்கு மந்திரி ரகசியமாகச் சமாதானம் பேசப் போனார். அவர் பங்களாவுக்குள்தான் இருக்கிறார் என்று ஊர் நம்ப வேண்டும் என்பதற்காக நம் இரண்டு பேரையும் வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். திரும்பி வரும் வழியில் குத்துப்பட்டார். எங்கே போனார் என்று தெரிந்தால் வெள்ளைக்கார ரெசிடெண்ட் துரை அந்தத் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டிருப்பான், பேச்சும் முறிந்திருக்கும். அதனால் காவலர்கள் தூங்கிப்போய்க் கூட வராமல் விட்டுவிட்டார்கள் என்ற பழியை நாம் ஏற்றுக்கொண்டோம். நாம் அன்றைக்கு நின்ற இடத்தை விட்டு அசையக்கூட இல்லை என்றேன். உன் புருஷன் காலி பங்களாவுக்குக் காவல் நின்றதைத் தவிர வேறு ஒரு பாவமும் அறியாதவன் என்றேன்.

அவள் மனசு ஆறும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் நாட்டியக்காரி பேரில் வந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விடிந்ததும் புகை வாடை வந்து எழுந்து பார்த்தேன். குளித்துவிட்டு அடுப்பு மூட்டியிருந்தாள். பருப்பு, அவியல், எரிசேரி, உனக்குப் பிடித்த ரசவடை, ஒன்று குறையவில்லை. பாத்திரம் ஒவ்வொன்றையும் அவள் இறக்கி வைத்த சத்தத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை. உன் போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து மணையில் வைத்ததும் அவள்தான்.

இலை போட்டுப் பெரியவன் இலையைச் சுற்றி நீர் விளாவப் போகும்போது, "பொறுலே" என்றாள். இலைக்கு முன்னால் உன் போட்டோவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"பொம்பள கூடப் போயிருந்தா ஒரு நாளு சண்டை போட்டுட்டு விட்டிருப்பேன். பெல்ட்ட அறுத்து அனுப்பினப்பம் ஊரே சிரிச்சுது. எங்க அண்ணனும் நீங்களும் ஆளுக்காளு தெரிஞ்சிட்டு, நான் ஒருத்தி மட்டும் தூங்கிப்போனவன் பொண்டாட்டியா தலையக் குனிஞ்சு நடந்தேன். எங்கிட்டச் சொன்னா நான் என்ன, ரெசிடெண்ட் தொரகிட்டயா போயிச் சொல்லியிருப்பேன்? கூடச் சேந்து சொமந்திருப்பேனே!"

அதைச் சொல்லிவிட்டு அழுதாள் பார், மாப்பிள்ளே. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. உனக்காக அப்போதுதான் அவள் அழுதாள் என்று எனக்குத் தோன்றியது. நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். இலையில் சோறு ஆறிப்போய்விட்டது, மன்னித்துக்கொள்.

கை கழுவிவிட்டு வந்து என்னிடம் ஒன்று கேட்டாள். "அந்த ஐயரு கதையில தழும்புக்காரனுக்குக் கலியாணம் ஆனதா எழுதியிருக்காரு. அவன் பொண்டாட்டி கதை முழுக்க ஒரு வார்த்தை பேசுகாளா?" நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஊரில் இத்தனை பேர் இத்தனை அபிப்பிராயம் சொன்னார்களே, அவள் எங்கே போனாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நமக்கும் தோன்றவில்லை.

கிச்சாமி ஐயரிடம் போய் நம் பெயர் வராமல் இதைக் கேட்கப் போகிறேன். அதுபோகட்டும், உனக்கு இப்போது புதிதாக ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இனிமேல் நீலம்மைக்கு மறைத்து எவருடைய மானத்துக்கும் நான் காவல் நிற்க மாட்டேன். உன் மானத்துக்கும் சரி.

அவளுக்கு அண்ணன், அதற்குப் பிறகுதான் உனக்கு மச்சினன்,
பூதலிங்கம்