எங்கள் தெரு குறைத்த மின்சாரம்

மார்ச் 3, செவ்வாய்

உலக மக்கள் அனைவருக்கும் பணிவுடன் அறிவிப்பது: இன்று மாலை ஆறு மணி மூன்று நிமிடத்துக்கு எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி, தேய்க்க ஒரு துணிகூட இல்லாமல், கோலாகலமாகச் சூடேற்றப்பட்டது. தொடங்கி வைத்தவர் அடியேன்.

எல்லாம் அக்காவுக்காக. மின்சார அலுவலகத்தில் அவளுக்கு ஆறு மாத ஒப்பந்தம். மாலையில் ஊரே ஒன்றாக ஏசி போட்டால் லைன் தாங்காது. அப்போது கட்டுப்பாட்டு அறை கிட்டத்தட்ட ஏலம் விடுகிறது: எந்தத் தெரு எவ்வளவு குறைத்துக்கொள்ளும்? குறைத்தால் பில்லில் தள்ளுபடி. தெருக்களைப் பேசிச் சேர்ப்பது அக்கா. திட்டம் ஜெயித்தால் வேலை நிரந்தரம். தோற்றால் எங்கேயோ தூரத்தில் வேறு வேலை தேடிப் போக வேண்டும்.

முதல் பத்து நாள், மாலையில் வழக்கமாக எவ்வளவு ஓடுகிறது என்று மீட்டரில் பார்ப்பார்களாம். அப்புறம் அதிலிருந்து இறங்குவதெல்லாம் 'குறைப்பு'. அந்தப் பத்து நாளும் ஏற்றி வைத்துவிட்டால்? என் மூளைக்கு நானே ஒரு சலாம்.

மார்ச் 6, வெள்ளி

கீழ்வீட்டுத் தையல்கார மாமா கூட்டணியில் சேர்ந்தார்.

"சாயங்காலம் வெந்நீர் ஹீட்டர சும்மா போட்டு விடுங்க மாமா. அப்புறம் நிறுத்துனா தள்ளுபடி."

"டேய், மாட்டிக்க மாட்டோமே?"

"மீட்டருக்குக் கண்ணா இருக்கு?"

அவர் சொல்லிப் பதினெட்டு வீடு சேர்ந்தது. வாரியம் இனி வாரி வாரி வழங்கட்டும்.

மார்ச் 13, வெள்ளி

குறைப்பதாக ஒப்புக்கொண்ட அளவில் எங்கள் தெருதான் முதலிடம். கட்டுப்பாட்டு அறை எங்களைத்தான் பெரிதாக நம்பியிருக்கிறதாம். பத்து நாள் மீட்டர் கணக்கின் வரைபடத்தை அக்கா காட்டினாள்.

"சாயங்காலம் ஆனா நம்ம தெரு மட்டும் ஏன்டா இப்படி ஏறுது?"

"மாமாவுக்குச் சீருடை ஆர்டர்க்கா. வீட்டுக்கு வீடு மிஷின் ஓடுது."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படிவத்தில் 'நேரில் விசாரித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

அனல். நாலு மணிக்கு எல்லாப் போனிலும் செய்தி: ஆறிலிருந்து எட்டுவரை, ஒப்புக்கொண்டதைக் குறையுங்கள்.

எதைக் குறைப்பது? பத்து நாள் முடிந்த மறுநாளே ஹீட்டரை எல்லாம் நிறுத்தியாகிவிட்டது.

மாமா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "இல்லாதத எப்படிடா அணைக்கறது?"

"ஏசிய அணைக்கச் சொல்லுங்க மாமா."

"இந்தப் புழுக்கத்துலயா? நீ அணைப்பியா?"

நான் அணைக்கவில்லை.

ஆறு நாற்பதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. நாங்கள் குறைப்போம் என்று நம்பிக் கட்டுப்பாட்டு அறை வேறு வழியில் மின்சாரத்துக்கு ஏற்பாடு செய்யவில்லையாம். நாலு தெரு இருட்டு. அக்கா போனைக் காதில் வைத்தபடி "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 25, புதன்

ஜோக் சொல்லிப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

விசாரணை. திங்கட்கிழமைக்குள் அக்கா விளக்கம் எழுதித் தர வேண்டும்.

"யாரு பேச்ச நம்பிக் கையெழுத்துப் போட்ட?" அம்மா கேட்டாள்.

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் போட்டேன்."

என் பக்கம் திரும்பவே இல்லை. ஏன்க்கா? 'இவன்தான்'னு ஒரு வார்த்தை — சொல்லித் தொலைச்சிருந்தா நான் அழுதாவது தொலைச்சிருப்பேன்ல?

மார்ச் 30, திங்கள்

சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்! பள்ளிக்கு மட்டம் போட்டு நேராக அக்காவின் அலுவலகம் போனேன். பெரிய அதிகாரி மேசை முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். "தப்பு என்னுது சார், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அவர் எழுந்து வந்து தோளில் தட்டி, "இப்படி ஒரு தம்பி எல்லாருக்கும் கிடைக்காது" என்றார். இனி எல்லாம் சரியாகிவிடும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா வேறு ஊரில் வேலை தேடிக் காலையில் பஸ் ஏறிவிட்டாள். ஒன்பது மணி நேரப் பயணம். பெட்டியை நான்தான் தூக்கிப் போனேன். ஜன்னல் வழியாக என் தலையைக் கலைத்துவிட்டு, "அம்மாவைப் பாத்துக்கடா, வாலு" என்றாள். திட்டவே இல்லை.

முப்பதாம் தேதி எழுதியது பொய்.

அதிகாரியை நான் பார்க்கவே இல்லை. அலுவலக வாசல் வரைக்கும் போனது மட்டும் நிஜம். காவலாளி, "யாரப் பாக்கணும் தம்பி?" என்று கேட்டார். வழியெல்லாம் 'தப்பு என்னுது சார்' என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். "பாத்ரூம் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

கைகாட்டினார். போய்விட்டு வந்து, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.